மூன்று புள்ளி கொம்பையா

கொம்பையா கோயிலுக்குப் போனால் இரண்டு செருப்பையும் ஒரே இடத்தில் விடமாட்டார். இடது காலுடையதை ஒரு மூலையில் கழற்றிப் போடுவார். வலது காலுடையதைப் பூக்கடைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவார். ஒற்றைச் செருப்பை எவன் எடுக்கப்போகிறான் என்பது அவர் எண்ணம். கும்பிட்டு வந்து அவர் இரண்டையும் தேடிச் சேர்ப்பதற்குள் கூட வந்தவர்கள் காபி குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். சந்நிதியில் நின்றபோதும் அவர் நினைப்பு பூக்கடையில்தான் இருந்திருக்கும் என்று சிரிப்பார்கள்.

அம்பாசமுத்திரத்தில் அவருக்கு ஒரு லாரி இருந்தது. எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. அறுவடைக் காலத்தில் நெல்லும் மற்ற நாளில் செங்கல்லும் வைக்கோலும் ஏற்றுவார். அந்த வண்டியின் டீசல் டாங்கிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இடுப்பில், இன்னொன்று எங்கே என்று அவர் மனைவி வடிவம்மாளுக்கே தெரியாது. பங்கில் டீசல் போட்டால் டாங்கிக்குள் குச்சியை விட்டு அளந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால், இவன் எதற்கு அவசரப்படுத்துகிறான் என்று அவனையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

சும்மா சொல்லக் கூடாது. மனிதர் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. எண்பத்து மூன்றில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்த நேரத்தில், நல்ல டைனமோவைக் கழற்றிவிட்டு ஒன்றுக்கும் உதவாத பழையதைப் பூட்டி அனுப்பிவிட்டார்கள். கேட்டதற்கு, "இதுதான்யா உம்ம டைனமோ, இல்லைங்கதுக்கு என்னவே அடையாளம்?" என்றார்கள். அடையாளம் இல்லை. அன்றைக்கே ஒரு பஞ்ச் வாங்கினார். விரல் நீளத்தில் கூரான முனை உள்ள இரும்பு. தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் எந்த இரும்பிலும் புள்ளி விழும். ஒரு புள்ளி தற்செயலாக விழுந்தது என்பார்கள், இரண்டு புள்ளியை எவனும் வைப்பான் என்று யோசித்து, வரிசையாக மூன்று புள்ளி என்று முடிவு செய்தார்.

அதற்குப் பிறகு அவர் கைக்கு வந்த பொருளெல்லாம் மூன்று புள்ளி வாங்கியது. ஜாக்கி, ஸ்பானர், பம்பு, வீல் நட்டு, லாரிச் சாவி எல்லாவற்றிலும் வைத்தார். அதோடு நிற்காமல் வீட்டுப் பாத்திரங்களில், குத்துப்போணியிலும் தூக்குச்சட்டி மூடியிலும் வைத்தார். கல்யாணச் சீராக வந்த வெண்கலப் பானையில் அவர் பஞ்சை வைத்த அன்று வடிவம்மாள் இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஊரில் 'மூணு புள்ளி' என்றால் போதும், கொம்பையா என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் சிரிப்புக்குரிய சங்கதி. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு.

அந்த லாரியை ஒரு காலத்தில் வடிவம்மாளின் தம்பி மாரிராஜ் ஓட்டினான். எட்டு வருஷம் ஓட்டினான். தொண்ணூற்று ஒன்றில் முதல் தடவையாகக் கியர் பாக்ஸைப் பிரித்தார்கள். மெக்கானிக் டீ குடிக்கப் போன நேரத்தில் கொம்பையா உள்ளே இருந்த ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி அடித்துவிட்டார். மறுநாள் கடையத்தில் ஒரு சாவு, துட்டி வீடு. போகாமல் இருக்க முடியாது. மாரிராஜைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு அரைநாள் போய் வந்தார். திரும்பி வரும்போது பாக்ஸைப் பூட்டி முடித்திருந்தார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, மாரிராஜ் வந்து நின்றான்.

"அத்தான், மூணாவது கியர் நிக்க மாட்டேங்குது. லோடோட ஏத்தத்துல துள்ளி வெளிய வந்துருது."

கொம்பையாவுக்கு அந்த அரைநாள்தான் ஞாபகம் வந்தது. மைத்துனனும் மெக்கானிக்கும் கூட்டுச் சேர்ந்து நல்ல கியரை விற்றுவிட்டுத் தேய்ந்ததைப் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். கட்டியதோடு விடவில்லை, தெருவில் நின்று சொன்னார். மாரிராஜ் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தான். பெண்டாட்டி பிள்ளையோடு ஏரலுக்குப் போய், யாரோ ஒருவரின் வேனில் வாழைத்தார் ஏற்றி ஓட்டத் தொடங்கினான். மூன்று வருஷம் கழித்துக் கொம்பையாவின் மகள் முத்துராணிக்குக் கல்யாணம் நடந்தபோது, தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கூச்சத்தோடு நின்றார். அந்தப் படம் ஆல்பத்தில் வரும் பக்கத்தை வடிவம்மாள் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

கேட்கலாம், அடையாளம்தான் வைத்திருந்தாரே, உடனே பாக்ஸைப் பிரித்துப் பார்த்திருக்கலாமே என்று. டாங்கியில் குச்சி விட்டுப் பார்க்கிற மனிதர் இதைப் பார்க்கவில்லை. தனக்குத்தான் தெரியுமே, அப்புறம் எதற்குப் பிரிப்பது என்று இருந்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வருகிற இடம் இது ஒன்றுதான்.

ஐந்து வருஷம் தானே ஓட்டினார். கியர் தடியில் சைக்கிள் டியூப்பைக் கட்டி, மூன்றாவது கியர் போட்டதும் அந்த ரப்பரைச் சீட்டுக் கம்பியில் மாட்டிவிடுவார். போதாததற்கு இடது கையால் தடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஸ்டியரிங் ஒடிப்பார். தொண்ணூற்று ஆறு மாசி மாதம், பிசான அறுவடை மும்முரமாக நடக்கும்போது, பேட்டை மில்லுக்கு நெல் ஏற்றிக்கொண்டு போனவர் பத்தமடை தாண்டியதும் பாக்ஸுக்குள் கல்லை அரைக்கிற சத்தம் கேட்டார். பிறகு எந்தக் கியரும் விழவில்லை. நெல்லை வேறு வண்டியில் மாற்றிவிட்டு, சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு பேட்டையில் ஆவுடைநாயகம் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆவுடைநாயகம் அதிகம் பேசமாட்டார். வண்டிக்கு அடியில் போய், நீளமான ஸ்குரூ டிரைவரைப் பாக்ஸில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"ரெண்டு வழி இருக்கு. பாக்ஸைப் பிரிச்சு, கெட்டதை மட்டும் மாத்தி, இதையே சீர் பண்ணலாம். இல்லன்னா மொத்தமாத் தூக்கிப் போட்டுட்டுப் புது மாடல் பாக்ஸ் ஏத்தலாம். அதுல ரெண்டு தரம் கிளட்ச் மிதிச்சு மல்லுக்கட்ட வேண்டாம். வழுக்கிட்டு விழும்."

"எது நல்லது?"

"பிரிச்சுப் பாக்காம எப்படிவே சொல்ல?"

அவ்வளவுதான். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். இந்த ஆள் ஏன் இப்படி வாயை மூடிக்கொள்கிறான், எதை மறைக்கிறான் என்று கொம்பையா யோசித்தார்.

புது மாடல் பாக்ஸ் ஒன்று டவுனில் காந்திமதிநாதன் கடையில் இருந்தது. பழைய உதிரிபாகம் விற்கிற கடை. காந்திமதிநாதன் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேசினார். விபத்தில் நொறுங்கிய லாரியில் எடுத்ததாம், பாக்ஸுக்குக் கீறல் கூட இல்லையாம், பூட்டினால் பத்து வருஷத்துக்குக் கவலை இல்லையாம். இந்த ஆள் ஏன் இவ்வளவு பேசுகிறான் என்று கொம்பையாவுக்குச் சந்தேகம் வந்தது. மூடியைத் திறக்கச் சொல்லி விரலை விட்டு ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். தேய்ந்த பாக்ஸில் சத்தம் வராமல் இருக்க மரத்தூள் போட்டு விற்கிறவர்கள் உண்டு. தூள் இல்லை. நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே விரிசல் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த குற்றம் ஒன்றுமே இல்லாதது அவருக்கு இன்னும் உறுத்தியது.

"உம்ம பழைய பாக்ஸை எனக்கே தந்திரும். விலையில கழிச்சுக்கிடுதேன்" என்றார் காந்திமதிநாதன். "ஆனா பிரிக்கப்பிடாது. பிரிச்ச பாக்ஸை நான் தொடமாட்டேன். உள்ள இருக்கதை மெக்கானிக் உருவிருவான்லா?"

தன்னைப் போல ஒருவரைக் கண்டதில் கொம்பையாவுக்கு ஒரு மரியாதை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. பிரிக்காமல் கொடுத்துவிட்டால் உள்ளே மூன்று புள்ளி இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே புரியவில்லை. இருந்தால்தானே பயப்பட வேண்டும், மாரிராஜ்தான் மாற்றிவிட்டானே, பிறகு நான் ஏன் இதை யோசிக்கிறேன்? வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தன்னையே சந்தேகப்பட்டார்.

வீட்டுக்குப் போய்ப் புது பாக்ஸின் பெருமையைச் சொன்னார். வடிவம்மாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அதைப் பிரிச்சுப் பாருங்க."

"உனக்கு என்னத்தத் தெரியும்? ஆவுடைநாயகம் ஏதும் சொல்லி விட்டானா?"

"எனக்கு யாரும் சொல்லல. அஞ்சு வருஷமா உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கல. இதைக் கேக்கேன். புள்ளி இல்லன்னா எந்தம்பி களவாணிதான், நான் ஒத்துக்கிடுதேன். புள்ளி இருந்தா?"

கொம்பையா திண்ணையில் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.  புது பாக்ஸ் வண்டிக்கு நல்லதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அதை வாங்கினால் இவள் சாகும் வரைக்கும் கேட்காமல் கேட்டுக்கொண்டே இருப்பாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பாக்ஸைப் பிரித்துப் பார்ப்பதற்காக இரண்டு பேருமாகப் பேட்டைக்கு வந்தார்கள். வடிவம்மாள் தூக்குச்சட்டியில் புளிச்சோறு கொண்டுவந்தாள். ஆவுடைநாயகம் பாக்ஸை இறக்கிச் சாக்கு விரித்து வைத்திருந்தார். கொம்பையா ஸ்டூலை இழுத்து, இரண்டடி தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். பாக்ஸிலிருந்து வடிந்த ஆயிலைச் சட்டியில் பிடித்துக் காட்டினார் ஆவுடைநாயகம். பல் உடைந்த துணுக்குகள் மின்னின. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார்.

முதல் கியரில் மூன்று புள்ளி இருந்தது. இரண்டாவதில் இருந்தது. கொம்பையா ஸ்டூலில் இருந்து இறங்கிக் குந்தினார். நாலாவதிலும் இருந்தது. கடைசியாக மூன்றாவது கியரை ஆவுடைநாயகம் கழுவித் துடைத்தார். பல்லெல்லாம் ஓரம் மழுங்கி, இரண்டு பல் உடைந்திருந்தது. அதன் பக்கவாட்டில், அவர் கையால் அடித்த அதே மூன்று புள்ளி வரிசையாக இருந்தது. பழைய கியர்தான். ஒருத்தரும் எதையும் மாற்றவில்லை.

வடிவம்மாள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். எண்ணிப் பார்த்தாள்.

"எந்தம்பி களவாணி இல்ல" என்றாள். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, மெக்கானிக் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

கொம்பையாவின் மனம் அப்போதும் சும்மா இருக்கவில்லை. மாற்றவில்லை என்றால் கியர் ஏன் துள்ளியது? ஓட்டியவன் தாறுமாறாகத் தட்டி ஓட்டியிருப்பான். சரி, திருட்டு இல்லை, கவனக்குறைவு. அப்படி ஒரு வழி கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த மூச்சு நிற்பதற்குள் ஆவுடைநாயகம் ஒரு கம்பியைக் கையில் எடுத்தார். முழங்கை நீளம் இருக்கும். செலக்டர் ராடு என்பார்கள். டிரைவர் தடியைத் தள்ளினால் இந்தக் கம்பி ஒரு துளைக்குள் வழுக்கிப் போய்க் கியரைச் சேர்த்துவிடும். ஆவுடைநாயகம் அதைத் துளைக்குள் விட்டுத் தள்ளினார். கடைசியில் ஒரு நெல் அளவு போகாமல் முட்டிக்கொண்டு நின்றது. உருவிக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்கன யாரோ பஞ்ச் அடிச்சிருக்கான்வே. புள்ளியைச் சுத்தி இரும்பு மேடாப் பொம்மிட்டு நிக்கு. அதனால கம்பி முழுசாப் போகல. மூணாவது கியர் பாதிதான் விழுந்திருக்கு. லோடு ஏறுனா துள்ளாம என்ன செய்யும்? எந்த டிரைவர் ஓட்டுனாலும் துள்ளும்." நிமிர்ந்து கேட்டார். "எந்தக் கூறுகெட்டவன் இதைச் செஞ்சது?"

"தெரியலையே" என்றார் கொம்பையா. "போன தடவை பிரிச்ச மெக்கானிக்கா இருக்கும்."

ஆவுடைநாயகம் கம்பியைப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த லாரி ஜாக்கியைப் பார்த்தார். பிறகு வடிவம்மாள் பக்கத்தில் இருந்த தூக்குச்சட்டியின் மூடியைப் பார்த்தார்.  கம்பியை மெதுவாகச் சாக்கில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

 ஐம்பத்து நாலு வயதில் இப்படி ஒரு வெட்கத்தைக் கொம்பையா அறிந்ததில்லை. எவனும் திருடிவிடக் கூடாது என்று அடித்த புள்ளி தன் வண்டியையே கெடுத்து, அதற்கும் ஒருவனைத் திருடனாக்கி, மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் இல்லாமல் செய்திருக்கிறது. வடிவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வரமாட்டேன். நீங்களாப் போயிச் சொல்லுங்க" என்றாள்.

மெக்கானிக் வந்ததும், "இதையே சீர் பண்ணும்வே. புதுசு வேண்டாம்" என்றார் கொம்பையா. "கம்பி புதுசு போடும். பழைய கம்பி எனக்கு வேணும்."

அந்தக் கம்பியைச் செய்தித்தாளில் சுற்றி, ஏரல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். மாரிராஜ் வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது.

"வாங்க" என்றான். வீடு தேடி யார் வந்தாலும் சொல்ல வேண்டிய வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கொம்பையா நின்றபடியே தாளைப் பிரித்தார். "மூணாவது கியர் கம்பி லே. இந்தப் புள்ளியப் பாரு. நான் அடிச்சது. இதுதான் முட்டிக்கிட்டு நின்னுருக்கு. கியரெல்லாம் பழசுதான், ஒண்ணும் மாறல. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

மாரிராஜ் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கம்பியை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பஞ்ச் இப்பவும் உங்க இடுப்புலதான இருக்கு?"

"ஆமா."

"அப்பம் இதை நேத்து அடிச்சுக் கொண்டாந்திருக்க மாட்டியள்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கொம்பையாவுக்கு முதலில் புரியவில்லை. "நான் எதுக்குலே அப்படிச் செய்யணும்?"

"அறுவடை நேரம். ஓட்டுததுக்கு ஆள் வேணும். மச்சினன்னா எது சொன்னாலும் கேட்டுக்கிட்டு ஓட்டுவான்." குரல் உயரவே இல்லை. "நான் எதுக்கு அத்தான் உங்க கியரை விக்கணும்? அன்னைக்கு நீங்க இதைக் கேட்டியளா?"

 எதையும் எப்படிச் சந்தேகப்படுவது என்று கொம்பையாவுக்குத் தெரியும். ஒருவனை நம்ப வைக்க என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. வெயிலில் நின்றார். வண்டியில் இருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் ஓடியது.

"தப்பு எம்மேலதாம்லே" என்றார். "கேட்டுருக்கணும். கேக்கல. தெருவுல வச்சுச் சொன்னேன். முத்துராணி கல்யாணத்தன்னைக்கு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன், நீ வந்துரமாட்டியான்னு. அதையும் யார்கிட்டயும் சொல்லல."

மாரிராஜ் கம்பியைத் திருப்பிக் கொடுத்தான்.

"பாக்ஸை எப்பம் பூட்டுதாங்க?"

"நாளைக் கழிச்சு."

 மாரிராஜின் பெண்டாட்டி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொம்பையா பஸ் ஏறினார். அவன் வருவானா மாட்டானா என்று வடிவம்மாள் கேட்டாள். தெரியவில்லை என்றார்.

பாக்ஸ் பூட்டுகிற அன்று கொம்பையா ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போது அவருடைய ஸ்டூலில் மாரிராஜ் உட்கார்ந்திருந்தான். சாக்கில் இருந்த ஒவ்வொரு கியரையும் எடுத்துப் புள்ளியைப் பார்த்தான். ஐந்து வருஷத்து ஆயில் கறை புள்ளிக்குள் கருத்துப் போய்க் கிடந்தது. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். உடைந்த மூன்றாவது கியரையும் அப்படியே பார்த்துவிட்டு அதை மட்டும் தனியே எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று கொம்பையா கேட்கவில்லை. புதுக் கம்பியை ஆவுடைநாயகம் துளையில் விட்டபோது அது ஒரே தள்ளில் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கொம்பையா அன்று முழுக்க நின்றுகொண்டே இருந்தார். அவர் கை ஒரு தடவைகூடப் பஞ்ச் இருக்கிற இடுப்புக்குப் போகவில்லை என்று ஆவுடைநாயகம் பிற்பாடு சொன்னார்.

சாயங்காலம் பேட்டை மில்லில் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரத்துக்குக் கிளம்பினார்கள். கொம்பையா சாவியை நீட்டினார். மாரிராஜ் வாங்கி, அதில் இருந்த மூன்று புள்ளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினான். சுத்தமல்லி தாண்டிக் கால்வாய்ப் பாலத்து ஏற்றம் வந்தது. இரண்டு தடவை கிளட்சை மிதித்து மூன்றாவது கியருக்குத் தட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொம்பையாவின் கை அவரைக் கேட்காமலே நீண்டு, ஐந்து வருஷப் பழக்கத்தில் கியர் தடியை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

மாரிராஜ் ரோட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கைய எடுங்க அத்தான்" என்றான்.

எடுத்தார். லோடு இழுக்க, இஞ்சின் முனக, வண்டி ஏறியது. தடி போட்ட இடத்திலேயே நின்றது.